பலகை நிற்க வேண்டிய இடம்

தாட்சாயணி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது இருபத்தெட்டாவது வயதில். அதற்கு முன் ஆறு வருஷம் சென்னையில் சித்தாள் வேலை. புருஷன் தேவேந்திரன் கொத்தனார், இவள் கலவை சுமந்தாள். ஆந்திர எல்லையோரம் அவள் ஊர் இருந்த வரதய்யபாளையம் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது, அவள் நைனா பாலையாவுக்கு அரசாங்கம் என்றோ கொடுத்த ஒன்றரை ஏக்கரும் அந்த எல்லைக்குள் போய்விட்டது. நிலம் போன வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். ஊரில் எல்லாரும் அது அவள் தம்பிக்குத்தான் என்று முடிவு செய்து வைத்திருந்தபோது, அவள் சென்னையிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினாள்.

"அந்த நெலத்துல களை புடுங்கனது நானு. வேலையும் எனக்குத்தான்" என்றாள். தம்பி ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு சென்னைக்குப் போனான். தேவேந்திரன் அங்கேயே வேலையைத் தொடர்ந்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போவான்.

கம்பெனி பஸ் பெரிய ரோட்டோடு நின்றுவிடும். அவளுடைய ஊரிலிருந்து கம்பெனி கேட்டுக்கு ஏழு கிலோமீட்டர். நடந்து பார்த்தாள், கட்டுப்படியாகவில்லை. சத்தியவேட்டில் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி, வற்றிப்போன ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போய்ப் பழகினாள். டீக்கடையில் இருந்தவர்கள் கரையில் வந்து நின்று சிரித்தார்கள்.

"சிரிக்கிறவங்க வந்து பின்னால புடிச்சிக்கோங்க. இல்லாட்டி வழிய வுடுங்க" என்றாள். ஒருவரும் பிடிக்க வரவில்லை. நாலாம் நாள் அவளே ஓட்டினாள். இரண்டு வருஷத்தில் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து முப்பத்தைந்து பெண்கள் சைக்கிளில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் ரோட்டை அகலப்படுத்தினார்கள். ரோடு அகலமானது கன்டெய்னர் லாரிகளுக்காக. சைக்கிளுக்குக் கிடைத்தது ஓரத்து ஜல்லி மட்டும்தான். முதலில் சின்னச் சின்ன விழுதல்கள். முட்டியில் சிராய்ப்பு, நசுங்கிய டிபன் கேரியர். மூன்றாம் வருஷம் மார்கழியில், கன்னியம்மன் கோயில் வளைவில், கூட ஷிப்டுக்கு வரும் சென்னம்மாவின் ஹாண்டில் பாரை ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. தாட்சாயணி நாலு சைக்கிள் தள்ளிப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். சென்னம்மா பள்ளத்தில் கிடந்தாள். ஒரு கால் இருக்கக் கூடாத திசையில் மடங்கியிருந்தது. லாரிக்காரன் நூறு அடி தள்ளி நிறுத்திவிட்டு ஓடிவந்தான். "கண்ணுக்கே தெரியலம்மா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று தாட்சாயணிக்குத் தோன்றியது. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

சென்னம்மா மூன்று மாதம் திருப்பதி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் கம்பெனியில் ஒரு திட்டம் வந்தது. மண்டலத்தைச் 'சைக்கிள் மித்ர மண்டலம்', அதாவது சைக்கிளுக்குத் தோழமையான வட்டாரம், ஆக்கப் போகிறார்களாம். அதற்குப் பன்னிரண்டு பலகைகள். ஒரு பெரிய அதிகாரி வந்து திறந்து வைப்பார். ஆள் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட ஸ்ரீஹரி, கேன்டீனில் மேஜைமேல் வரைபடத்தை விரித்து, சைக்கிளில் வரும் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அவர் திருப்பதிக்காரர், முப்பது வயது இருக்கும், மோசமான மனிதர் இல்லை. தமிழ் புரியும், பேசுவது தெலுங்கு.

வரைபடத்தில் பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள். கம்பெனி கேட்டை ஒட்டி ஆறு. மண்டல் ஆபீஸ் முன்னால் மூன்று. பஸ் ஸ்டாண்டில் மூன்று.

"கன்னியம்மன் கோயில்கிட்ட ஒண்ணும் இல்லியே ஸார்" என்றாள் தாட்சாயணி.

அங்கே யார் பார்ப்பார்கள் என்று ஸ்ரீஹரி தெலுங்கில் கேட்டார். நாலு பேர் கூடுகிற இடத்தில் வைத்தால்தானே செய்தி போய்ச் சேரும் என்றார்.

"பாக்க வேண்டியது லாரிக்காரன் ஸார். அவன் மண்டல் ஆபீசுக்கு இன்னாத்துக்கு வரப்போறான்?"

பெண்கள் சிரித்தார்கள். ஸ்ரீஹரியும் கொஞ்சம் சிரித்துவிட்டு, இடமெல்லாம் மேலே அப்ரூவல் ஆகிவிட்டது என்று வரைபடத்தைச் சுருட்டினார்.

சுருட்டியது அவளுக்குள் எரிந்தது. மறுநாள் ஷிப்டு முடிந்ததும் ஒரு பையில் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டாள். கூட வரும் பெண்களிடம், வழியில் யார் யார் எங்கே விழுந்தார்களோ, அவரவரே இறங்கிக் காட்ட வேண்டும் என்றாள். ஒவ்வொரு இடத்திலும் ரோட்டோரத்தில் ஒரு வெள்ளை வட்டம் போட்டாள். சில வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. வீடு போய்ச் சேர்ந்தபோது ஏழு இடங்கள் தெளிவாக இருந்தன. கோயில் வளைவு, கால்வாய்ப் பாலம், எடைமேடையிலிருந்து லாரிகள் வெளியே வரும் வாய், இப்படி. வட்டம் உள்ள இடத்தில் பலகை வைத்தால் ஆச்சு என்று அன்றைக்கு நினைத்தாள்.

அது தப்பு என்று சொன்னவர் செங்கல்வராயன். நகரிக்காரர், எடைமேடை டீக்கடையில் தினமும் லாரியை நிறுத்துகிறவர். அவரிடம் போய், "அண்ணே, ஒங்க வண்டில ஒரு தபா என்ன ஏத்திக்கினு போங்க. ஒங்களுக்கு நாங்க எப்பிடித் தெரியறோம்னு பாக்கணும்" என்று கேட்டாள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார். "ஏறும்மா" என்றார்.

அவ்வளவு உயரத்திலிருந்து அந்த ரோட்டை அவள் பார்த்ததே இல்லை. இடது ஓரம் என்ற ஒன்றே அங்கே இல்லை. கருவேலம் புதர் கண்ணாடி வரைக்கும் வந்து மறைத்தது. வளைவு நெருங்கியது. வளைவுக்கு அப்பால் தன் கூட்டாளிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது வெறும் தார்தான். திடீரென்று மூன்று சைக்கிள்கள் மூக்குக்குக் கீழே முளைத்தன. செங்கல்வராயன் முன்பே வேகத்தைக் குறைத்திருந்தார். அப்படியும் அவள் கால் தானாகத் தரையை அழுத்தியது.

"கோயிலாண்ட பலக வெச்சா நான் அத்தப் பாக்கசொல்ல எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றார் அவர். "லோடு வண்டி. இங்க பிரேக்கு மிதிச்சா அங்க போய்த்தான் நிக்கும். எனக்கு முன்னாலயே சொல்லணும்."

"எங்கனு காட்டுங்க."

திரும்பி வரும்போது காட்டினார். தான் பிரேக்கில் கால் வைக்க நினைக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி அவளை இறக்கிவிட்டார். அவள் அங்கே ஒரு கல்லைப் போட்டுவிட்டு, அங்கிருந்து வட்டம் வரைக்கும் எண்ணிக்கொண்டே நடந்தாள். நூற்று நாற்பது தப்படி. மூன்று நாள் அவர் வண்டியில் ஏறி இறங்கி ஏழு இடத்துக்கும் அப்படியே செய்தாள். மூன்று இடங்களில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பலகை வேண்டியிருந்தது. ஆக மொத்தம் பத்து.

அந்தக் கணக்கைத் தெலுங்கில் எழுதிக்கொண்டு போய் ஸ்ரீஹரியின் மேஜையில் வைத்தாள். அவர் முழுதாகப் படித்தார். அது அவளுக்கு மறக்கவில்லை. படித்துவிட்டு, நல்ல வேலை, ஆனால் இனிமேல் மாற்ற முடியாது என்றார்.

அந்த வார வியாழக்கிழமை பலகைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். பத்தடிக்கு ஒன்றாகக் கேட்டருகே ஆறு. கம்பெனி முத்திரை முறம் அளவுக்கு இருந்தது. கீழே தெலுங்கிலும் இங்கிலீஷிலும் நாலு வரி. மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சைக்கிள். அதை ஓட்டுகிறவள் தலைக்கவசம் போட்ட வெள்ளைக்காரப் பெண். கேட்டருகே வந்துபோவது மேனேஜர்களின் கார்கள். பலகையைப் பார்த்துக் காரோட்டிகள் கூட மெதுவாகப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் இருபத்திரண்டு பெண்கள் கடப்பாரையோடு வந்து, நட்டிருந்த பலகைகளில் பத்தைப் பிடுங்கினார்கள். அவர்களில் பாதிப்பேர் சென்னையிலும் பெங்களூரிலும் கட்டட வேலை பார்த்தவர்கள். குழி தோண்டுவதும் கலவை போடுவதும் அவர்களுக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. தேவேந்திரன் அந்த ஞாயிறு ஊரில் இருந்தான். "ஒனக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு, வேல போயிடும்" என்று முந்தின நாள் முழுக்கச் சொன்னவன், காலையில் மட்டக்கோலோடு வந்து நின்றான்.

"பொம்பளைங்க சாய்வா நட்டுட்டாங்கன்னு என் பேரு கெடும்" என்றான்.

பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கும் பத்மினி, நடுவதற்கு முன் பலகைகளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெறும் மஞ்சள். அதில் பலகை முழுக்க ஒரு சைக்கிள் வரைந்தாள். அதன்மேல் சேலை கட்டிய பெண், ஹாண்டில் பாரில் சாப்பாட்டுப் பை. எழுத்து ஒன்றுகூட இல்லை. பாதி லாரிக்காரர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், தெலுங்கு படிக்கத் தெரியாது; தெரிந்தாலும் ஓட்டிக்கொண்டே யார் படிப்பார்கள் என்று செங்கல்வராயன் சொல்லியிருந்தார். வெயில் ஏறுவதற்குள் பத்துப் பலகையும் அதனதன் இடத்தில் நின்றன. சேலை கட்டிய பெண் லாரிகளைப் பார்த்தாள். கம்பெனி முத்திரை வயலைப் பார்த்தது. கேட்டருகே இரண்டை மட்டும் விட்டுவைத்தார்கள்.

"அதிகாரி போட்டோவுக்கு ரெண்டு போதும்" என்றாள் தாட்சாயணி.

திங்கட்கிழமை ஸ்ரீஹரி கூப்பிட்டனுப்பினார். புதன்கிழமை திறப்பு விழா. அதற்குள் பலகைகள் பழைய இடத்துக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் போலீஸில் புகார் போகும் என்றார். யார் பிடுங்கியது என்று கேட்டார்.

"நான்."

ஒருத்தியாகவா என்று அவர் தெலுங்கில் கேட்டார்.

"நான்தான் ஸார். வெளிய நிக்கிறவங்களயும் கேளுங்க. அவங்களும் நான்னுதான் சொல்லுவாங்க."

கதவுக்கு வெளியே முப்பது பேர் நின்றிருந்தார்கள். முன்வரிசையில் சென்னம்மா, கைத்தடியோடு. அவள் வேலைக்குத் திரும்பி நாலே நாள் ஆகியிருந்தது. ஸ்ரீஹரி அவள் காலைப் பார்த்தார். அப்புறம் போலீஸ் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை பலகைகளைப் பிடுங்கக் கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள்.

எடைமேடைப் பக்கம் ஒன்றை உடைத்துவிட்டார்கள். கோயில் வளைவுக்கு வந்தபோது ஷிப்டு விட்ட பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். பலகையைச் சுற்றிச் சைக்கிள்களைப் படுக்கப் போட்டு நடுவில் உட்கார்ந்தார்கள். தாட்சாயணி பலகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சைக்கிளுக்கு வழி வுடுன்னு எழுதிக்கினு, அத்த சைக்கிள் போகாத எடத்துல வெப்பீங்க. சைக்கிள் போற எடத்துல வெச்சா புடுங்குவீங்க. புடுங்குங்க, பாக்கலாம்" என்றாள்.

வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களில் ஒருவனுடைய அக்கா சைக்கிள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் நின்று பீடி குடித்துவிட்டு, கான்கிரீட் இறுகிவிட்டது, வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம் என்று போய்விட்டார்கள்.

புதன்கிழமை அதிகாரி வந்தார். இரண்டு பலகைக்கும் ரிப்பன் வெட்டினார். போட்டோ எடுத்துக்கொண்டார். மற்ற பலகைகள் எங்கே என்று அவர் கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் தாட்சாயணியின் கான்ட்ராக்டைக் கம்பெனி புதுப்பிக்கவில்லை. காரணம் எழுதவில்லை. நிலம் கொடுத்த வீடு என்று அவள் காகிதங்களோடு போய்ச் சண்டை போட்டாள், பதில் வரவில்லை. ஒரு வாரம் வீட்டில் இருந்தாள். எட்டாம் நாள் அதே ரோட்டில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். முன்பு ஏழு, இப்போது ஒன்பது கிலோமீட்டர். பலகைகள் வந்த பிறகும் ரோட்டில் இரண்டு பேர் விழுந்தார்கள். இரண்டு பேரும் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

மழைக்காலம் முடிந்த ஒரு மாலையில் ஸ்ரீஹரி மோட்டார் பைக்கில் வந்து அவளை வழியில் நிறுத்தினார். அவரும் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தார். சத்தியவேடு பக்கத்து ரோட்டில் ஐந்து பலகை வைக்க வேண்டும், எத்தனை தப்படி முன்னால் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். இந்தத் தடவை தமிழில் கேட்டார்.

"லாரில ஏறணும் ஸார். மேசைல தெரியாது."

"நீங்க வர்றீங்களா?"

"வரேன். எடம் நான் சொல்றதுதான். ஒத்துக்கினா வரேன்."

மூன்று இடம் அவள் சொல்வது, இரண்டு இடம் மேலே இருப்பவர்கள் சொல்வது என்றார். அவள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். "அந்த ரெண்டு எங்கன்னு மொதல்ல சொல்லுங்க" என்றாள்.