துலா மிதித்த மரியதாஸ் அண்ணை

செவ்வாய்க்கிழமை காலை, பொன்னையா அம்மான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து படலையடியில் நின்றார். "மரியதாஸ் போட்டான் டீச்சர். காய்ச்சல்தான். மருந்து கிடைக்கேல்லை" என்றார். நான் அழவில்லை. இந்த யுத்த வருடங்களில் இழவுச் செய்தி கேட்டுக் கேட்டு அழுவதற்கும் அலுத்துவிட்டது.

மரியதாஸ் அண்ணை குருநகர்க் கடற்றொழிலாளி. கடலுக்குப் போகத் தடை; வீட்டில் ஷெல் விழுந்தது. குடும்பத்தோடு கோப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கினார். பசி எங்கள் எல்லோருக்கும் பொது என்பதால், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த வெறுங்காணியில் ஊர்க்காரரும் வந்தவர்களுமாகச் சேர்ந்து கத்தரியும் மரவள்ளியும் வைத்தோம். மண்ணெண்ணெய் இல்லாததால் இறைப்பு மிஷின் கிடந்து துருப்பிடித்தது. மறுபடி கிணற்றில் பழைய துலாவைக் கட்டினோம். மேலே ஒருவர் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பனையோலைப் பட்டையால் அள்ளி ஊற்ற, இன்னொருவர் பாத்திகளுக்குத் தண்ணீரைத் திருப்ப வேண்டும். திருப்புவது என் வேலை.

கிணறு அம்மானின் பங்குக் கிணறு. கரையிலிருந்து வந்தவர்கள் வேறு சாதி; அவர்கள் அதில் அள்ளுவதில்லை என்பது ஊர்க்கட்டு. மிதிக்க ஆளில்லாமல் அம்மான் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்: "அவன் துலாவிலை ஏறட்டும். பட்டையிலை மட்டும் கை வைக்கக் கூடாது." எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அண்ணை சிரித்துக்கொண்டே ஏறினார். அம்மான் கீழே நின்று ஓயாமல் ஏசுவார். "கடல் இதைவிட ஆடும் டீச்சர், ஆனா இவ்வளவு கதைக்காது" என்பார் அண்ணை. இறங்கி வந்து குடிக்கக் கையை ஏந்துவார். எங்களில் யாராவது தண்ணீர் வார்ப்போம்.

ஒருநாள் அள்ளிக்கொண்டிருந்த அம்மானுக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. கத்தரி பூத்திருந்த நேரம், நல்ல வெயில். மற்ற ஆண்கள் நிவாரண வரிசைக்குப் போயிருந்தார்கள். அண்ணை இறங்கி வந்து பட்டைக்குப் பக்கத்தில் நின்றார். தொடவில்லை. "அம்மான் சொல்லட்டும்" என்றார். அம்மான் நிலத்தைப் பார்த்தபடி குந்தியிருந்தார். அவருடைய மனைவி சிவக்கொழுந்து மாமிதான் பொறுக்கமாட்டாமல் கத்தினார்:

"பயிர் கேக்குமே, ஆர் அள்ளினதெண்டு? அள்ளு தம்பி!"

மேலே மிதிக்க ஆளில்லாமல், தோள் வலிக்க அண்ணை தனியே இறைத்தார். முதல் பட்டை வந்ததும் மாமி இரண்டு கையையும் ஏந்தி, அவர் வார்க்கக் குடித்தார். மறுநாளிலிருந்து யார் அள்ளுவது என்ற கதையே எழவில்லை. பள்ளிக்கூடத்துப் பெண்களும் குடத்தோடு வந்தார்கள். அண்ணையும் அந்தப் பழைய நாட்களைச் சொல்லிக்காட்டியதில்லை. எனக்குத்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சேமக்காலையில் அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். தோட்டத்து உறவுகளே, நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டபோது வழமைபோல் அம்மானைக் கூப்பிட்டேன். ஷெல் விழுந்த நாளிலும் வெள்ளிக்கிழமைப் பூசையைத் தவறவிடாத மனிதர். அன்று முற்றத்திலேயே இருந்தார். செத்தவரின் சொந்தக்காரர்தான் துடக்கு என்று சாவுத் தீட்டுக் காத்துக் கோயிலுக்குப் போகாமல் இருப்பது எங்கள் வழக்கம். மரியதாஸ் அண்ணையை நினைக்கும்போதெல்லாம், அன்று அம்மான் எனக்குச் சொன்ன பதிலைத்தான் நான் வைத்துக்கொள்ளப் போகிறேன்:

"நீ போட்டு வா பிள்ளை. எனக்குத் துடக்கெல்லே."