மரக்காணம் உப்புக் குடோனில் நான் வாங்கிய பூஜ்யம்

பிப்ரவரி 2006, இரண்டாவது சனிக்கிழமை. மரக்காணம் போகிறேன் என்றதும் ஆசிரியர் அறையில் இருந்த அத்தனை பேரும் "பாண்டிச்சேரியா டீச்சர்?" என்றுதான் கேட்டார்கள். இல்லை. பாண்டிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிவிட்டேன். நான் போனது உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு குடோனுக்கு. அங்கே பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் வேதியியல் டீச்சர். வாரத்தில் மூன்று மாலை, அழுத்திய காற்றில் சுடும் பிஸ்டலை ஒற்றைக் கையில் பிடித்துப் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைச் சுடுவேன். பெண்களுக்கு நாற்பது குண்டு, எழுபத்தைந்து நிமிடம். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் பத்து, மொத்தம் 400. அன்றைக்கு 350 எடுப்பவர்களுக்குச் சென்னையில் பத்து நாள் பயிற்சி முகாமில் இடம். அந்த சீசனில் இதுதான் கடைசிப் போட்டி. அதற்கு முந்தைய இரண்டில் 346, 348 என்று வாசல்வரை போய்த் திரும்பியிருந்தேன். இந்த முறை விடுவதாக இல்லை.

திருவான்மியூரில் காலை 5.15 பஸ். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுமார் நூற்றுப் பத்து கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். மடியில் பிஸ்டல் பெட்டி. கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து, "வயலினாம்மா? ரொம்ப குட்டியா இருக்குது?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். கிளப்பின் கடிதத்தைக் காட்டி முடிப்பதற்குள் கல்பாக்கம் தாண்டிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் மரக்காணம்வரை என்னை விட்டு இரண்டு அங்குலம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

7.35க்கு மரக்காணம். நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு டீ, பதினோரு ரூபாய். குடோன் நான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஏழுமலை ஐம்பது கேட்டார், நாற்பதுக்கு வந்தார். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பளம். சீசன் தொடங்கிச் சில வாரம்தான் ஆகியிருக்கும். பெண்கள் வரிசையாக நின்று பலகை வைத்த கழியால் உப்பை இழுத்து வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மணி வெயிலுக்கே கண் கூசியது.

"வெறும் கண்ணால ரொம்ப நேரம் பாக்காதம்மா. அப்பால ஒண்ணும் தெரியாது" என்றார் ஏழுமலை. நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

உப்பள முதலாளி ஒருவருக்கு இந்த விளையாட்டில் பைத்தியம். காலியாக இருந்த தன் குடோனைச் சுத்தம் செய்து எட்டு லேன் போட்டுக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு லேனிலும் ஒரு மேசை, அதிலிருந்து எதிர்ச் சுவர்வரை ஒரு கயிறு. மேசையில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றினால் கயிற்றில் அட்டை போகும், வரும். ஒரு அட்டைக்கு ஒரே குண்டு. போட்டியை நடத்தும் ரேஞ்ச் ஆபீஸர், ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பிஸ்டலின் விசையில் ஐநூறு கிராம் எடையைத் தொங்கவிட்டுச் சோதித்து அனுப்பினார்.

வாசலில் விதிகளை ஒட்டியிருந்தார்கள். ஒரே அட்டையில் மறந்துபோய் இரண்டு குண்டு சுட்டால் முதல் இரண்டு முறை மன்னிப்பு, மூன்றாவதிலிருந்து இரண்டிரண்டு மதிப்பெண் வெட்டு. பழகிப் பார்க்கும் நேரத்தில் பக்கத்து லேனின் பழகும் அட்டையைச் சுட்டால் இரண்டு வெட்டு. போட்டிக் குண்டைப் பக்கத்து லேனில் சுட்டால் பேச்சே இல்லை, பூஜ்யம். அப்படி ஒருவர் அட்டையில் இரண்டு ஓட்டை விழுந்து, எது யாருடையது என்று தெரியாவிட்டால், அட்டைக்குச் சொந்தக்காரருக்கு இரண்டில் பெரிய மதிப்பெண். இதையெல்லாம் மூன்று வருஷமாகப் படித்துக் கொட்டாவி விட்டவள் நான்.

எனக்கு நான்காவது லேன். வலப்பக்கம் ஐந்தில் செல்வி, வானூரில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண். இருபத்தெட்டு வயசு இருக்கும். போன போட்டியில் 347 என்றாள்.

"கடையில பத்து நாள் லீவு கேட்டுட்டுத்தான்க்கா வந்திருக்கேன். ஓனரு, 'மொதல்ல பாஸ் பண்ணிட்டு வாம்மா'ன்னு சிரிக்கிறாரு" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

9.30க்குத் தொடங்கியது. கால் எங்கே வைப்பது என்று தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டுக்கொள்வது என் வழக்கம். கால் சரியாக இருந்தால் கை தானாக நம் அட்டைக்கு நேராக எழும். முதல் முப்பது குண்டு அருமையாகப் போனது. பின்னால் இருந்த பலகையில் எழுதினார்கள்: எனக்கு 264, செல்விக்கு 262. கடைசிப் பத்தில் எனக்கு 86 வேண்டும், அவளுக்கு 88. இரண்டு பேருக்கும் எட்டாத கணக்கு இல்லை.

நேரம் நிறைய மிச்சம் இருந்தது. மூச்சை ஆற்ற வாசலுக்குப் போய் நின்றேன். எதிரே உப்புக் குவியல், மேலே வெயில். அழகாக இருந்தது, பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். திரும்பி உள்ளே வந்தால் கண்ணில் பச்சையாக ஒரு வட்டம் மிதந்தது. அது போகட்டும் என்று காத்திருந்து இரண்டு குண்டு சுட்டேன். ஒன்பது, ஒன்பது. மூன்றாவதற்குக் கையை உயர்த்தினேன். பிஸ்டல் முனை அட்டையின் கருவட்டத்துக்குக் கீழே வந்து அசையாமல் நின்றது. விசை விடுபட்டதே தெரியவில்லை. சுட்டவருக்குத் தெரியும், அது பத்து. நடுவுக்குச் சற்று இடது கீழே.

சக்கரத்தைச் சுற்றினேன். அட்டை வந்தது. ஓட்டையே இல்லை.

வலப்பக்கம் செல்வி கையைத் தூக்கியிருந்தாள். அவள் அட்டையில் இரண்டு ஓட்டை. ஒன்று பத்து, நடுவுக்குச் சற்று இடது கீழே. இன்னொன்று வலது ஓரம், எட்டு.

குனிந்து பார்த்தேன். சாக்பீஸ் கோட்டைக் காணோம். பல வருஷம் உப்பு கிடந்த தரை. அதன் ஈரம் கோட்டைக் குடித்துவிட்டது. சக்கரம் சுற்றிவிட்டு மறுபடி நின்றதில் என் கால் ஒரு சாண் திரும்பியிருந்தது. தரை, வெயில், குடோன் முதலாளி என்று எல்லோரையும் மனசுக்குள் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அட்டைக்கு மேலே நான்கு, ஐந்து என்று உள்ளங்கை அளவுக்கு எழுதித்தான் வைத்திருந்தார்கள். பார்க்காதது நான்.

மாஸ்டர் இரண்டு அட்டைகளையும் பார்த்தார். "டீச்சரம்மா, உங்களுக்கு பூஜ்யம். அது முடிஞ்சுது. இப்ப சொல்லுங்க, இதுல எது உங்களுது?"

எனக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்று சொன்னால் செல்விக்கு எட்டு. தெரியாது என்றால் அவளுக்குப் பத்து. என் ஆட்டம்தான் போயிற்றே, அவளுடையதையாவது கெடுக்காமல் இருப்போம் என்று தோன்றியது.

"தெரியலை மாஸ்டர்" என்றேன். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த புண்ணியம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

மாஸ்டர் செல்வியிடம் திரும்பினார். "உனக்கும் தெரியலன்னா பெரிசு உனக்கு. இன்னாம்மா?"

செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையை. "எட்டு என்னுது மாஸ்டர். வலப்பக்கம் இழுத்துட்டேன், சுடறப்பவே தெரிஞ்சுது."

மாஸ்டர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்பில் நான் பார்க்கும் அதே பார்வை.

மீதி ஏழையும் சுட்டு முடித்தேன். எப்படி என்று கேட்காதீர்கள். என் மொத்தம் 343. செல்வி கடைசிவரை போராடினாள். பன்னிரண்டு மணிக்குப் பலகையில் அவள் பெயருக்கு நேரே 349 என்று எழுதினார்கள். ஒரே ஒரு மதிப்பெண். அந்தப் பத்தை வாங்கியிருந்தால் 351. அவள் பலகையை இரண்டு முறை வாசித்துவிட்டுப் பெட்டியை மூடினாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலை போலிருந்திருக்கும்.

திரும்ப ஏழுமலையின் ஆட்டோவையே வரச் சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் ஏறினோம். பாதி தூரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"நீ சும்மா இருந்திருந்தா போதுமே செல்வி! நான்தான் தெரியலைன்னு சொல்லிட்டேன்ல? அவரே பத்து போட்டிருப்பாரு. இப்ப லீவு எடுத்து வீட்லயா உக்காரப் போற?"

"நீங்க ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

"உனக்காகத்தான்!"

"நான் கேட்டனா?"

ஏழுமலை கண்ணாடியில் பார்த்தார். "ஏம்மா, ஒரு ஓட்டைக்கா இவ்ளோ சண்டை?"

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "வலிக்காம இல்லக்கா. ரொம்ப வலிக்குது. ஆனா முந்நூத்தி நாப்பத்தொம்போதும் என்னுது. அத்தினியும் நான் சுட்டது."

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் இருவரும் மீன் சாப்பாடு சாப்பிட்டோம், ஆளுக்கு முப்பது ரூபாய், குழம்பு பிரமாதம். என்னைப் பில் கட்ட அவள் விடவில்லை. 1.50க்கு அவளுக்குப் பாண்டி பஸ் வந்தது. எனக்கு 2.20.

உப்பளம் பார்க்கப் போகிறவர்களுக்கு: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்லது, காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பாத்திகள் எல்லாம் ஒருவருடைய பிழைப்பு, கேட்காமல் வரப்பில் இறங்காதீர்கள். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், ஊரை விட்டால் கடை இல்லை. தோல் செருப்பை உப்பு அரித்துவிடும், நான் ஒரு ஜோடியை இழந்தேன்.

சுடப் போகிறவர்களுக்கு: பஸ்ஸில் பெட்டியைப் பூட்டி வையுங்கள், கிளப் கடிதம் மேலேயே இருக்கட்டும். கால் அடையாளத்துக்குச் சாக்பீஸை நம்பாதீர்கள், ஒட்டும் டேப் நான்கு ரூபாய்தான். ஒவ்வொரு முறை கையைத் தூக்கும் முன்னும் லேன் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். நான் இப்போது "நாலு, நாலு" என்று முணுமுணுத்தபடிதான் சுடுகிறேன். பக்கத்து லேன்காரர்கள் சிரிக்கிறார்கள்.

திங்கட்கிழமை பள்ளியில் எவ்வளவு என்று கேட்டார்கள். முந்நூற்று ஐம்பத்து மூன்று வந்திருக்க வேண்டியது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். 343 என்றேன். அதில் ஒரு பூஜ்யம் இருக்கிறது, அதுவும் நான் சுட்டதுதான்.