இரண்டாவது இடத்துக்கு ஓர் ஆள்

வெர்லா ஹாகனின் கணவர் ஆரின், ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, புல்வெட்டும் இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தார். எழுந்திருக்கவில்லை. அறுபத்து நாலு வயது. சர்ச்சுப் பெண்கள் பத்தொன்பது தட்டு நூடுல்ஸ்-மீன் வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். வெர்லா ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டி, உறைபெட்டியில் அடுக்கினாள். அழவில்லை. வந்தவர்களுக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. கையில் காகிதக் கைக்குட்டையோடு காத்திருந்து பார்த்துவிட்டு, தாங்களே மூக்கைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

அவள் பால் பண்ணையில் பிறந்தவள். இருபத்து மூன்றில் கல்யாணம். இருபத்தாறு வருஷம் எல்க் ஃபோர்டு பள்ளிச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டாள். எது தீர்ந்தாலும் மணி பன்னிரண்டுக்குத் தட்டு நிரம்பியாக வேண்டும், அந்த வேலையே அப்படித்தான். காய்ச்சலோ துக்கமோ பிள்ளைகளுக்குப் பசிக்காமல் இருக்காது. அமெரிக்கக் கால்பந்து பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், ஆரின் டிவி பார்த்த அறையில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம். ஆரின் கத்தினால் நல்லது நடந்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் அடித்தளத்தில் ரொட்டியும் பன்றித்தொடையும் பரிமாறியபோது, ஆரினின் தம்பி கர்ட் பக்கத்தில் வந்து நின்றான். வெர்லா கல்யாணமாகி வந்தபோது பன்னிரண்டு வயது அவனுக்கு.

"வெர்லா, இப்ப கேக்கக் கூடாதுதான். ஆரினோட இடம் இருக்கே..."

"எந்த இடம்?"

"லீக்ல. என் மருமகன் ப்ரென்ட் மூணு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கான். இடம் காலியானா அவனுக்குத்தான் முதல் உரிமை."

"காலியாகலையே. நான் உக்காந்துக்கறேன்."

"நீயா? உனக்கு டச்டவுன்னா என்னன்னு தெரியுமா?"

"கர்ட், முதல்ல வாயில இருக்கறத முழுங்கு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆரினின் மீன்பிடிப் படகைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். சட்டைகளையும் கொடுத்திருப்பாள். பத்தொன்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த மனிதர் உட்கார்ந்த ஒரே விஷயத்தை, கறி தொண்டைக்குள் இறங்குவதற்கு முன்னால் வந்து கேட்டான். அதுதான் பொறுக்கவில்லை.

அந்த லீக் இப்படி. பன்னிரண்டு பேர் ஆகஸ்ட் கடைசியில் மார்வ் என்பவனின் பீர்க்கடையில் கூடுவார்கள். டிவியில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கு ஒருவராக, முறைவைத்துப் பொறுக்கி, தங்களுக்கென்று ஓர் அணி கட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டக்காரர்கள் களத்தில் என்ன செய்கிறார்களோ அது இவர்களுக்குப் புள்ளியாக வரும்; வாரா வாரம் இருவர் இருவராக மோதுவதில் புள்ளி கூடியவர் ஜெயிப்பார். ஊரில் மற்ற லீக்குகளில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஒருவன் போதும். மார்வின் லீக்கில் வாரா வாரம் இரண்டு பேரை இறக்க வேண்டும். அதற்கொரு கடுமையான விதியும் இருந்தது. ஒரு ஞாயிறு அந்த இரண்டு இடத்தில் ஒன்று காலியாக இருந்தாலும், அல்லது அதில் போட்ட ஆள் களத்தில் இறங்காவிட்டாலும், வருஷக் கடைசியில் அந்தப் பங்காளியின் இடம் போய்விடும். முன்பொரு பங்காளி நடுவில் சலித்துப்போய் அணியைக் கவனிக்காமல் விட்டதால் வந்த விதி.

வெர்லா ஆரினின் பழைய காகிதங்களைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமும் ஒரே கொள்கை. முதலில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஓட்டக்காரர்கள், குவார்ட்டர்பேக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பத்தொன்பதில் பதினாலு வருஷம் கடைசி மூன்று இடங்களுக்குள். ஒரே கொள்கையைப் பத்தொன்பது வருஷம் பிடித்துக்கொண்டிருந்த மனிதர்தான் இரண்டு குழாய் ஒழுகியபோதும் ஒரே வாளியை வைத்தார்.

அவள் ஒரு உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டாள். நாடு முழுக்க அணிகள் முப்பத்திரண்டு. அணிக்கு எறிகிறவன் ஒருவன். பங்காளிகள் பன்னிரண்டு, ஆளுக்கு இரண்டு என்றால் இருபத்து நாலு. ஒவ்வொரு அணிக்கும் நடுவில் ஒரு வாரம் ஓய்வு உண்டு, அதற்கு மாற்றாக மூன்றாவது ஆள் வேண்டும். முப்பத்தாறு வாய், முப்பத்திரண்டு முட்டை. பனிப்புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்ன பிறகு கடைக்குப் போகிறவளுக்குப் பால் கிடைக்காது. இதற்குக் கால்பந்து தெரிய வேண்டியதில்லை.

மார்வின் கடையில் அவள் முறை வந்தது. முதல் சுற்றில் ஒரு குவார்ட்டர்பேக். இரண்டாவது சுற்றிலும் குவார்ட்டர்பேக்.

"பாருய்யா, ஆரின் சம்சாரம் ஆரினைவிடப் புத்திசாலி," என்றான் மார்வ். அவன்தான் லீக்கின் நிர்வாகி.

"அதுக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம்," என்றாள் வெர்லா. எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னது நிஜம்.

மூன்றாவது சுற்றில் பிக்ஸ்பி என்ற ஓட்டக்காரனை எடுத்தாள். ஆரின் இரண்டு வருஷமாக அவன் பெயரைத்தான் சுவருக்கு அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தார். நாலாவது சுற்றில் மூன்றாவது குவார்ட்டர்பேக்.

தப்பு அங்கேதான் நடந்தது. முதலில் எடுத்தவனுக்கும் மூன்றாவதாக எடுத்தவனுக்கும் ஓய்வு ஒரே வாரம், ஒன்பதாவது வாரம். பெயருக்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் அவள் வாழ்நாளில் வாங்கியதில்லை. இதில் தேதி இருக்கும் என்றே தோன்றவில்லை. மாற்று ஆள் என்று ஒருவனை வைத்து, அவனையும் முதல் ஆள் படுக்கும் அன்றைக்கே படுக்கப் போட்டிருந்தாள். செப்டம்பரும் அக்டோபரும் ஓடின. நாலு வெற்றி, நாலு தோல்வி. ஆரினின் போனில் ஞாயிறு காலை இரண்டு பெயரை இழுத்துப் போடுவாள். ஜெயித்தாலும் தோற்றாலும் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

நவம்பர் வந்தது. ஒன்பதாவது வாரத்தில் அவள் கையில் ஆடக்கூடிய குவார்ட்டர்பேக் ஒரே ஒருவன். யாரும் எடுக்காமல் கிடந்தவர்களின் பட்டியலில் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பவர்கள். களத்தில் இறங்கும் முப்பத்திரண்டு பேரும் யாராவது ஒருவன் கையில் இருந்தார்கள். கர்ட்டிடம் மட்டும் நாலு பேர்.

சனிக்கிழமை மத்தியானம் கர்ட் மான்கறித் தொத்திறைச்சி ஒரு பொட்டலத்தோடு வந்தான். அவன் சும்மா எதுவும் கொண்டுவர மாட்டான்.

"உன் அணியைப் பாத்தேன், வெர்லா. ஒரு இடம் ஓட்டையா இருக்கு."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"நாளைக்கு அது காலியாப் போச்சுன்னா இடம் போயிடும். விதி. நான் எழுதல, மார்வ் எழுதினது."

"சரி, உனக்கு என்ன வேணும்?"

"ஹான்லனைத் தர்றேன். அருமையான குவார்ட்டர்பேக். நீ பிக்ஸ்பியைக் கொடு."

"அவன் கட்டைவிரல்ல கட்டுப் போட்டிருந்தானே, புதன்கிழமை காட்டினாங்க."

"அட, அது சும்மா டேப்பும்மா. பந்து வழுக்காம இருக்க ஒட்டறது. எறிவான். நான் சொல்றேன்ல?"

"நீ உன் மருமகனைக்கூட நல்ல பையன்னுதான் சொன்ன."

கர்ட் சிரித்தான். "நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள போன்ல ஒத்துக்கோ. அதுக்கு மேல மார்வ் கைமாத்த மாட்டான்."

அவன் போன பிறகு வெர்லா யோசித்தாள். யோசனை என்று சொல்ல முடியாது. மேசையைத் துடைத்தாள். பிக்ஸ்பி போனால் போகட்டும் என்று தோன்றியது. ஆரின் யார் பெயரைக் கத்தினார் என்பதெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும்? இடம் நின்றால் போதும். காலையில் ஒத்துக்கொள்ளலாம் என்று படுத்தாள், தூங்கினாள்.

ஞாயிறு ஒன்பதரைக்கு சர்ச்சு. இந்த ஊரில் பத்தரை மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் பன்னிரண்டுக்கு. ஒன்றரை மணி நேரம் முன்னால், சரியாகப் பத்தரைக்கு, அன்றைக்கு ஆடாதவர்கள் யார் யார் என்ற பட்டியல் வெளிவரும். அந்த நேரத்தில் எல்லா பெஞ்சிலும் பாட்டுப் புத்தகங்கள் தேவைக்கு மேல் உயரும். அதற்குப் பின்னால் போன். பாதிரியாருக்குத் தெரியும். அதனால்தான் பிரசங்கத்தைப் பத்து இருபத்தெட்டுக்கு முடித்துவிட்டு, காணிக்கைத் தட்டை அனுப்புவார். அந்த வாரம் இடது பக்க வரிசைகளுக்குத் தட்டு எடுத்துப் போகும் முறை கர்ட்டுடையது. கோட்டுப் போட்டு, பளபளக்கும் ஷூவோடு, இரண்டு கையிலும் தட்டைப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து வந்துகொண்டிருந்தான்.

வெர்லாவின் கையிலிருந்த ஆரினின் போனில் கர்ட்டின் பேரம் காத்திருந்தது. ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டது. விரலை வைக்கப் போனவள், முன் பெஞ்சில் எல்லாரும் பார்க்கிறார்களே என்று பட்டியலை ஒருமுறை திறந்தாள்.

மேலிருந்து நாலாவது பெயர் ஹான்லன். கட்டைவிரல். ஆடவில்லை.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். பதிலாகப் பள்ளிச் சமையலறைதான் நினைவுக்கு வந்தது. தலைமைச் சமையல்காரி வராத அன்றைக்கும் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், யாரோ ஒருத்தி கரண்டியைப் பிடித்தாள். ஹான்லன் எறியவில்லையென்றால் அந்த அணிக்கு வேறு எவன் எறியப் போகிறான்? போனில் தேடினாள். க்ராஸ் என்று ஒருவன். முப்பத்தேழு வயது. நாலு வருஷமாகப் பெஞ்சில் இருந்தவன். யாரும் எடுக்காதவர்களின் பட்டியலில் கிடந்தான். நாலு குவார்ட்டர்பேக்கைப் பதுக்கி வைத்த கர்ட்டுக்கு, விரலில் கட்டுப் போட்டவனுக்குப் பின்னால் நிற்கிறவனையும் சேர்த்து எடுக்கத் தோன்றவில்லை. நாலு டிராக்டர் வாங்கிவிட்டு ஒரு உதிரி பெல்ட் வாங்காதவன்.

க்ராஸை அழுத்தினாள். அணியில் இடமில்லை, ஒருவனை விடு என்றது போன். கர்ட் மூன்று பெஞ்சுக்கு முன்னால் நின்று, தட்டுக்கு மேலாக அவளையே பார்த்தான். பின் வரிசையில் யாரோ "ஹான்லன் இல்லையாம்" என்று கிசுகிசுத்தார். இன்னும் ஒரு நிமிஷத்தில் பன்னிரண்டில் ஒருவனுக்காவது க்ராஸ் நினைவுக்கு வருவான். பெயர்கள் வரிசையாக நின்றன. கண்ணாடி கைப்பைக்குள் இருந்தது. அவள் ஒரு பெயரை அழுத்தினாள். சரி என்றது போன்.

தட்டு வந்தது. காணிக்கை உறையைப் போட்டாள். கர்ட் குனிந்து, "ஒத்துக்கிட்டியா?" என்றான்.

"நட. பின்னாடி ஆளுங்க காத்திருக்காங்க."

அடித்தளத்தில் காப்பிக்கு நின்றபோதுதான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். விட்ட பெயர் பிக்ஸ்பி.

மார்வ் தன் போனை நீட்டியபடி வந்தான். "க்ராஸ் இறங்கறான். உன் ரெண்டு இடமும் நிரம்பிடுச்சு, வெர்லா. விதிப்படி சரி. ஆனா பிக்ஸ்பியை ஏன்..."

"கை தவறிப் போச்சு."

"நான் திருப்பித் தர முடியாது. விட்டவனைப் புதன்கிழமைதான் எடுக்க முடியும், கடைசி இடத்துல இருக்கறவனுக்கு முதல் முறை. அவன் எடுத்துப்பான்."

"எடுத்துக்கட்டும்."

கர்ட் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே வந்தான். "எனக்குக் கொடுக்காம குப்பைல போட்டியா? பிக்ஸ்பியை? ஆரின் கேட்டா நெஞ்சு வெடிச்சிடும்!"

"அது ஏற்கெனவே வெடிச்சாச்சு, கர்ட். ஜூலைல."

மார்வ் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தான். கர்ட்டின் முகம் சிவந்தது.

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"தெரியும். சும்மா டேப்புன்னு சொன்னியே, அது?"

"அது... விளையாட்டுன்னா அப்படித்தான். ஆரினும் என்கிட்ட எத்தனை நொண்டியைத் தள்ளியிருக்காரு! நீயும்தானே விளையாடற?"

"ஆமா," என்றாள் வெர்லா. "அதனாலதான் உன்னைத் திட்டல. ப்ரென்ட்கிட்ட இன்னும் காத்திருக்கச் சொல்லு."

வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டாள். சுவருக்கு ஆரினின் பக்கம் உட்கார்ந்து முழு ஆட்டமும் பார்த்தது அதுதான் முதல் முறை. க்ராஸ் எறிந்த பந்து நாலு தடவை எதிராளி கைக்குப் போனது. இன்னொரு சானலில் பிக்ஸ்பி மூன்று முறை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடினான், மூன்று டச்டவுன். எழுபது கஜ ஓட்டம் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நல்ல ஓட்டம்தான். ஆரின் ஏன் கத்தினார் என்று புரிந்தது. அவள் கத்திப் பார்க்கலாமா என்று நினைத்தாள். விட்டுவிட்டாள்.

ஐம்பத்தெட்டுப் புள்ளியில் தோற்றாள். திங்கள் காலை மார்வ் எல்லாருக்கும் செய்தி அனுப்பினான்: ஹாகன், தோல்வி, இரண்டு இடமும் நிரம்பியது, இடம் நிற்கிறது. அவள் "சரி" என்று பதில் போட்டாள். அடுத்த ஞாயிறு அவள் முதலில் எடுத்த மூன்று குவார்ட்டர்பேக்குகளுக்கும் ஆட்டம் உண்டு. இறக்க வேண்டியது இரண்டு பேரை. யாரை உட்காரவைப்பது என்று ஒரு காகிதத்தில் எழுதத் தொடங்கினாள்.