கூன்வோரின் கொட்டகையில் நீல வெளிச்சம்

வட துருவத்தை ஒட்டிய எங்கள் மீனவ ஊர் ஸ்கார்விக்கில் நவம்பர் கடைசியில் சூரியன் கடலுக்குள் இறங்கினால், மறுபடி தலைகாட்ட ஜனவரி பாதி கழிய வேண்டும். இடையில் நாங்கள் ஒருவரையொருவர் இருமலை வைத்துத்தான் அடையாளம் காண்போம். ஒரு டிசம்பரில் துறைமுகத்தடி வீட்டுக்காரர் இருட்டில் வழி தப்பித் தேவாலயத்தடி வீட்டுக்குள் நுழைந்து, சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்; அடுத்த வாரம்தான் ஆள் மாறிய விஷயம் தெரிந்தது. இரண்டு வீட்டிலும் யாரும் புகார் சொல்லவில்லை. இதற்குச் சாட்சி இருவர் இருந்தார்கள். பாவம், இருவருமே இப்போது உயிரோடு இல்லை.

இந்த ஊரில்தான் கூன்வோர் பனி தள்ளும் வண்டி ஓட்டினாள். வாசல் நிலை அளவு உயரம், அதற்கேற்ற அகலம். முன்னால் பனியை ஒதுக்கும் இரும்புக் கலப்பை மாட்டிய மஞ்சள் வண்டி அவளுடையது. ஒரு காலை அவள் தள்ளிவந்த பனிக்குவியலுக்குள் பக்கத்து ஊர்த் தபால் பெட்டியும், அதில் கடிதம் போட வந்த பாதிரியாரும் இருந்தார்களாம். பாதிரியாரைத் தட்டி உதறி, காபி கொடுத்து, திரும்பும் வழியில் இறக்கிவிட்டாள்.

விளக்கின் மேல் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஆசை பிடித்துவிட்டது. அவள் படித்த காலத்தில், இருட்டு மாதங்களில் பிள்ளைகளை உள்ளாடையோடு வட்டமாக நிறுத்தி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, நடுவே ஒரு புற ஊதா விளக்கை எரிய விடுவார்கள். எலும்புக்கு நல்லது என்று டாக்டர்களே சொன்ன காலம். அந்த அறையின் சுட்ட வாசனையையும், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை உரசும் கதகதப்பையும் கூன்வோர் மறக்கவே இல்லை.

கணவன் ஆர்ண்ட் போய்ச் சேர்ந்த பிறகு அவள் வேலை முடிந்து வந்தால் வண்டிக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குள் போனால் கடிகாரம் மட்டும்தான் பேசும். அந்தச் சமயத்தில்தான் ஹம்மர்ஃபெஸ்ட் நகரில் ஓர் ஓட்டலை மூடினார்கள். அங்கே கிடந்த சூரியப் படுக்கையை கூன்வோர் பனிவண்டியின் பின்னால் கட்டி இழுத்து வந்தாள். ஆள் படுக்க ஒரு கண்ணாடித் தட்டு, மேலே ஒரு மூடி, இரண்டிலும் வரிசையாகக் குழல் விளக்குகள். மூடியை இறக்கினால் சிப்பிக்குள் சதை மாதிரி ஆள் உள்ளே இருக்க, சுற்றிலும் நீல வெளிச்சம் எரியும். எழுந்து வரும்போது உடம்பு சூடாக இருக்கும். நாலைந்து தடவை படுத்தால், எங்கள் மாவு நிறத் தோல் ரொட்டி மேல்தோல் போலச் சிவந்து கறுக்கும்.

முதல் குளிர்காலத்தில் கொட்டகை ஜன்னல் வழியே போன நீல வெளிச்சத்தைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணி ஒரு மீன்பிடிக் கப்பல் நேரே கொட்டகைக்கே வந்துவிட்டது. கப்பல்காரருக்கு வாஃபிள் என்ற கட்டம் போட்ட அப்பம் சுட்டுக் கொடுத்து, இந்தப் பக்கம் திரும்பு என்று கையைக் காட்டி அனுப்பினாள். அதற்கப்புறம் ஊரே வந்தது. ஒருவர் மூடிக்குள் படுத்திருப்பார். மற்றவர்கள் கலப்பையின் மேல் உட்கார்ந்து, வாஃபிளில் ஜாம் தடவித் தின்றபடி, உள்ளே இருப்பவரைப் பற்றிப் பேசுவார்கள். உள்ளே இருப்பவருக்கு எல்லாம் கேட்கும், பதில் சொல்ல முடியாது. இதைவிட நல்ல பொழுதுபோக்கை நான் எங்கும் கண்டதில்லை.

தெற்கே கனாரித் தீவுகளுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்னால் தவறாமல் வந்து படுப்பார்கள். அங்கே வெயில் சுடும் அல்லவா? கூன்வோர் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள். படகுக்கு வண்ணம் அடிக்கும்முன் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்கிறோம். அடிக்காவிட்டால் உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடும். தோலும் அப்படித்தான், இங்கே ஒரு பிரைமர் போட்டுக்கொண்டு போனால் அங்கே எரியாது. ஊரில் படகுக்கு வண்ணம் அடிக்காத ஆளே கிடையாது என்பதால் எல்லோருக்கும் இது உடனே புரிந்தது. கனாரித் தீவுகளிலிருந்து முதுகு உரிந்து திரும்பியவர்கள்கூட, "ஒரு கோட்டு பத்தல" என்று சொல்லி, அடுத்த வருடம் கூடுதலாகப் படுத்தார்கள்.

இப்படிப் பல குளிர்காலம் ஓடியது. ஓர் இலையுதிர் காலத்தில் கூன்வோர் அரைக்கால் சட்டையோடு வண்டி மேல் ஏறும்போது, கீழே நின்ற ஹில்போர்க் அவள் ஆடுசதையைப் பார்த்தாள். ஹில்போர்க் ஊர்ப் பெண்கள் பாட்டுக் குழுவின் தலைவி. தேவாலயத்தில் பாடுவதைவிட வெளியில் அதட்டுவதில் குரல் எடுப்பானவள்.

"கூன்வோர், கால்ல தார் ஒட்டியிருக்கு பாரு."

"எங்கேடி?"

"பின்னாடி. குளிக்கிறதே இல்லையா நீ?"

கூன்வோர் டர்பன்டைனைத் துணியில் நனைத்துத் தேய்த்தாள். போகவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். தார் போகவில்லை, ரத்தம் வந்தது. ஊர் நர்ஸ் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தைகூடக் கிண்டல் செய்யாமல் ட்ரோம்ஸோ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாள். கிண்டல் செய்யாததுதான் கூன்வோருக்கு முதல் பயம்.

ட்ரோம்ஸோவில் தோல் டாக்டர் சுன்னிவா அந்தக் கரும்புள்ளியை வெட்டி எடுத்து, பரிசோதித்து, மறுபடி கூப்பிட்டனுப்பினாள். மீனவர் மகள், கூன்வோருக்கு மகள் வயது. எங்கள் நாட்டில் ராஜாவைத் தவிர எல்லோருக்கும் 'நீ'தான்.

"இது தோல் புத்துநோய், கூன்வோர். ஆனா மேலாப்புலயே இருந்துச்சு. முழுசா எடுத்தாச்சு."

கூன்வோர் சுவர் நாட்காட்டியைப் பார்த்தபடி கேட்டாள். "அப்போ நான் போயிட மாட்டேனே?"

"இதுல போக மாட்டே. வருஷா வருஷம் வந்து உடம்பைக் காட்டணும். சூரியப் படுக்கையில படுக்குற பழக்கம் உண்டா?"

"எங்கிட்டயே ஒண்ணு இருக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவை. அதிகம் இல்ல."

"குறைச்சலும் இல்ல."

"பிரைமர் மாதிரிதானே?" என்று கூன்வோர் தன் படகுக் கணக்கைச் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டாள்.

"எங்கப்பாவும் இதையேதான் சொல்வார். பிரைமர் வெளியிலேருந்து பூசுறது. உன் தோலு உள்ளே அடிபட்டதாலதான் கறுக்குது. அது துரு. நீ துரு மேல துரு ஏத்திட்டு, இரும்பு கெட்டியாயிடுச்சுன்னு தட்டிப் பாக்குறே. அந்த விளக்கோட கதிர் ஆழமாப் போய் செல்லைக் கெடுக்கும். கொஞ்சத்தைத் தோலே சரி பண்ணிக்கும். மிச்சம் வருஷா வருஷம் சேரும். சின்ன வயசுல ஆரம்பிச்சா இன்னும் மோசம்."

"வைட்டமின் வருதுங்கிறாங்களே?"

"காட் மீன் ஈரல் எண்ணெய் குடி. ஊரே மீனுக்கு மேலதானே உக்காந்திருக்கீங்க?"

கரையோரக் கப்பலில் திரும்பும்போது கூன்வோருக்குக் காலின் தையல் பெரிதாக வலிக்கவில்லை. தான் இனிப் படுக்கப் போவதில்லை, அது முடிந்த விஷயம். மற்றவர்களை என்ன செய்வது? பள்ளி முடித்த பெண்கள்கூட வந்து படுக்கிறார்கள். விளக்கை அணைத்தே ஆக வேண்டும். அணைத்தால் கொட்டகை காலியாகிவிடும். காரணத்தைச் சொன்னாலோ, நோயாளி வீட்டுக்கு வருவதுபோல் பூவோடு வந்து, குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டு, கால் மணி நேரத்தில் போய்விடுவார்கள். பிறகு மறுபடி அந்தக் கடிகாரம்தான்.

அதனால் அவள் ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்தாள். படுக்கை ரிப்பேர்.

நல்ல பொய்தான். சொன்ன ஊர்தான் தப்பு. ஸ்கார்விக்கில் ஒரு இயந்திரம் ஓடவில்லை என்று சொல்வதும், தெருவில் பணத்தைக் கொட்டிவிட்டு எடுக்காதே என்பதும் ஒன்று. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் கையில் கிடைத்ததை வைத்து ஓட்டிக் கரை சேர்ந்த ஆட்கள் எல்லோரும். அவர்களில் பெரிய கை யெர்மூன், ஓய்வுபெற்ற எஞ்சின்காரன். அவன் ஒருமுறை அறுந்த எஞ்சின் பெல்ட்டுக்குப் பதிலாகச் சமையல்காரரின் கால்சட்டையைத் தாங்கும் தோள்வாரைப் போட்டு ஐஸ்லாந்திலிருந்து வந்து சேர்ந்ததாகச் சொல்வான். சமையல்காரர் கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார் என்பதுதான் ஆதாரம்.

"ஃபியூஸ் போயிடுச்சு," என்றாள் கூன்வோர். யெர்மூன் அன்றே மாற்றினான்.

யாரும் படுக்கும்முன் அவள் விளக்குகளின் ஸ்டார்ட்டர்களைக் கழற்றி மாவு டின்னுக்குள் ஒளித்தாள். யெர்மூன் மீன் தொழிற்சாலையிலிருந்து வேறு ஸ்டார்ட்டர்களை வாங்கி வந்தான். தனியாக வரவில்லை, அவன் சொல்வது தப்பு என்று நிரூபிக்க இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். வாஃபிள் கல் ஆறவே இல்லை. மாவு டின்னிலிருந்து ஒரு ஸ்டார்ட்டர் வாஃபிளுக்குள் போய், யாரோ ஒருவர் பல்லில் தட்டுப்பட்டது. அவர் அதை மீன் முள் என்று துப்பிவிட்டார்.

கடைசியில், மூன்றாவது வாரத்தில், புது ஸ்டார்ட்டர்களைப் பொருத்திப் பார்ப்பதற்குள், கூன்வோர் கோடாலியை எடுத்து, மின் கம்பியைக் குறுக்கே வெட்டினாள்.

"எலி," என்றாள்.

யெர்மூன் வெட்டுப்பட்ட முனையைப் பார்த்தான். "இந்த எலிக்குக் கைப்பிடி இருந்திருக்கும் போலிருக்கே."

"பெரிய எலி."

"பாத்தியா நீ?"

"எங்கே பாக்குறது, இருட்டுல."

யெர்மூன், கப்பலில் வலை இழுக்கும் வின்ச்சுக்கு வைத்திருந்த, கை தடிமன் கம்பியை எடுத்து வந்து இணைத்தான். "இனிமே யானை கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது," என்று பொத்தானை அழுத்தினான். நீல வெளிச்சம் முன்பைவிடப் பளிச்சென்று எரிந்தது. கொட்டகை கைதட்டியது.

ஹில்போர்க் கலப்பைக்குப் பின்னால் போய்த் துணி மாற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். பாட்டுக் குழு முழுக்க அந்தத் தடவை கனாரித் தீவுகளுக்குப் போவதாக இருந்தது.

"நான்தான் முதல்ல. ஜனவரிக்குள்ள எனக்கு நாலு கோட்டாவது ஏறணும்."

அவள் ஒரு காலைத் தூக்கிக் கண்ணாடித் தட்டில் வைத்தாள். கூன்வோர் போய் விளக்கை அணைத்தாள்.

"என்னடி?"

"படுக்காதே."

"ஏன், மறுபடி எலியா?"

கூன்வோர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, காலைக் கலப்பையின் மேல் வைத்தாள். ஆடுசதையில் ஒரு கைப்பிடிச் சதையைத் தோண்டி எடுத்துத் தைத்ததுபோல் பள்ளமும் சிவப்புத் தழும்பும். தார், டர்பன்டைன், ட்ரோம்ஸோ, துரு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பிரைமர் என்று தான் சொன்னதெல்லாம் தப்பு என்றாள். கோடாலியையும், மாவு டின்னில் ஒளித்த ஸ்டார்ட்டர்களையும் காட்டினாள்.

வாஃபிள் தீயும் வாசனை வந்தது.

"நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றாள் கூன்வோர். "விளக்கு இல்லன்னா நீங்க ஏன் இந்தப் பக்கம் வரப்போறீங்கன்னுதான் சொல்லல."

ஹில்போர்க் துண்டை இறுக்கிக் கட்டினாள். "ஏண்டி, இந்த மூணு வாரமா இது எரிஞ்சுதா?"

"இல்ல."

"நாங்க வந்தமா இல்லையா?"

அதைக் கூன்வோர் யோசித்தே பார்க்கவில்லை.

"யெர்மூனோட பொய்யை வேற எங்கே உக்காந்து கேக்குறது? என் வீட்டுலயா? இப்போதான் தரை துடைச்சிருக்கேன்."

யெர்மூனுக்கு வேறு வருத்தம். "அந்த ஸ்டார்ட்டர் நல்லாத்தான் இருந்துச்சா? அதைத் தேடி ரெண்டு நாள் அலைஞ்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பாழாக்கிக் கொடுத்திருப்பேன். யாராலயும் சரி பண்ண முடியாத மாதிரி."

"உன்னால முடியும்டா," என்றாள் கூன்வோர்.

"என்னாலயும்தான் முடியாது," என்று அவன் பெருமையாகச் சொன்னான்.

"சரி, நான்தான் ஏற்கெனவே குளிர்ல அவுத்துட்டு நிக்கிறேன்," என்றாள் ஹில்போர்க். "சும்மா போட்டுக்க முடியாது. கூன்வோர், வண்டி விளக்கைப் போடு. என் முதுகுல ஏதாவது தார் இருக்கான்னு பாரு. நானா எப்படிப் பாக்குறது, என் புருஷன் கண்ணாடி போட்டாலும் கதவையே தேடுற ஆளு."

பனிவண்டியின் முன்விளக்கு ஹில்போர்க்கின் முதுகில் விழுந்தது. கூன்வோர் குனிந்து, மூக்கு படுமளவு கிட்டப் போய்ப் பார்த்தாள். மச்சங்கள் இருந்தன, புதிதாய் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் ஓரம் கோணலாக இருந்ததால், நர்ஸிடம் காட்டச் சொன்னாள். அதற்குள் யெர்மூன் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். பார்க்கப்படுபவரின் முதுகைப் பற்றிக் கலப்பையின் மேல் உட்கார்ந்தவர்கள் சொன்ன அபிப்பிராயங்களை இங்கே எழுத முடியாது.

நர்ஸ் எல்லோரையும் பிறகு முறையாகப் பார்த்தாள். ஹில்போர்க்கின் கோணல் மச்சம் வெறும் மச்சம்தான். குழல் விளக்குகளை யெர்மூன் கழற்றி ஊர்க் குப்பைக் கிடங்கில் உரிய இடத்தில் ஒப்படைத்தான். மிஞ்சிய படுக்கைச் சிப்பிக்குள் ஒரு சின்ன வெப்பக் காற்றாடி வைத்தான்; ஊரின் நனைந்த கையுறைகளெல்லாம் இப்போது அதற்குள்தான் காய்கின்றன. அவரவர் கையுறை வெதுவெதுப்பாகும்வரை உட்காரத்தானே வேண்டும்?

பாட்டுக் குழு கனாரித் தீவுகளுக்குப் போனபோது கூன்வோரையும் கூட்டிப்போனார்கள். அவளுக்கு ஒரு சுரமும் நிற்காது. அவளைச் சேர்த்தது நிழலுக்காக. முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியுமாக எல்லோரையும் பெரிய குடைகளுக்கு அடியில் உட்கார வைத்து, வெயில் நகர நகர, நாற்காலியோடு சேர்த்து ஒவ்வொருவரையும் பின்னாலிருந்து நிழலுக்குள் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"கூன்வோர், என் பாதம் மட்டும் வெயில்ல இருக்கட்டுமே," என்று ஹில்போர்க் கெஞ்சினாள்.

"கிரீம் தடவுனியா?"

"தடவுனேன்."

"எங்கே, காட்டு."

ஹில்போர்க் காட்டினாள். கூன்வோர் குனிந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிரீமைப் பிதுக்கி, படகுக்குத் தடவுவதுபோல் இரண்டு கோட்டாகத் தடவிவிட்டாள்.