வள்ளியிடம் நான் பறித்த காலை

காலையில் போனைத் தொடாமல் நோட்டில் எழுதத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மறுபடியும் கதை எழுத வந்தது. தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸிலேயே பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தப் பெருமை தலைக்கேறிவிட்டது.

பக்கத்து சீட்டில் வள்ளி உட்காருவாள். தொழிற்சாலையில் என் லைனில் வேலை செய்கிற பெண். பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் போனை எடுத்துவிடுவாள். ஒருநாள், “இன்னா வள்ளி, விடிஞ்சும் விடியாததுமா போனு? உள்ள வை. மனசுல வர்றத எழுதிப் பாரு” என்று புது நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். ஒருத்தியைத் திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நோட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. “ஏன்டி எழுதல?” என்று அதட்டினேன். அவள் கண் கலங்கியது.

“நான் கெளம்பும்போது பாப்பா தூங்கிக்கினு இருக்கும்க்கா. எழுந்ததும் வீடியோ கால்ல என்னப் பாத்தாதான் பால் குடிக்கும். இப்ப தெனமும் அழுவுதாம்.”

“இத ஏன் அன்னிக்கே சொல்லல?”

“நீங்க லைன் லீடராச்சேக்கா. எதுத்துப் பேசினா பேஜாராயிடும்னு பயந்துட்டேன்.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. “மொதல்ல கால் பண்ணு” என்றேன்.

கலைந்த தலையோடு திரையில் வந்த குழந்தை சிரிக்கவில்லை. “அம்மா, எம்மேல கோவமா?” என்று கேட்டது. வள்ளி போனை என் பக்கம் திருப்பினாள்.

“அம்மாக்குக் கோவம் இல்லடா கண்ணு. இந்தப் பெரியம்மாதான் தப்பு பண்ணிட்டேன்” என்றேன்.

இன்றும் காலையில் எழுதுகிறேன். கதையும் வருகிறது. ஆனால், பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாதவள் அன்று யாரைப் பற்றித்தான் அப்படி எழுதிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால், இப்போதும் தலை குனிந்துவிடுகிறது.