அழாத பிள்ளைக் காம்பரா

பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் திரும்புகிற கடைசி இடத்திலிருந்து இன்னும் இரண்டு கட்டை தூரம் நடந்தால் கீழ்ப் பிரிவின் பிள்ளைக் காம்பரா வரும். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. மேற்பிரிவுக் காம்பராவில் ஒன்பது மணியானால் ஊரே இரண்டுபடும். பெற்றீசியாவின் காம்பராவில் பதினோரு பிள்ளைகள் இருந்தும் ஒரு சத்தம் வெளியே வராது. அந்தத் தோட்டத்தில் அவளுக்கு அது பெரிய பேர்.

ஒருமுறை கொழும்பிலிருந்து கமராவோடு நாலு பேர் வந்தார்கள். தோட்டத்தை நடத்துகிற துரையும் கூட வந்தார். சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, எவ்வளவு ஒழுக்கமான பிள்ளைகள் என்று ஒரு அம்மாள் வாயாரப் புகழ்ந்தாள். பெற்றீசியா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு படத்துக்கு நின்றாள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு என்ன ஒழுக்கம் வேண்டிக் கிடக்கிறது என்று வந்த ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. படித்தவர்கள்தான், ஆனாலும் தோன்றவில்லை.

அதில் ரகசியமும் ஒன்றுமில்லை. எட்டரைக்கு அவள் கேத்தலை அடுப்பில் வைப்பாள். நல்ல கடுப்பான தேத்தண்ணி ஊற்றி, சீனி போட்டு ஆற்றி, சின்னதுகளுக்குப் பால் போத்தலிலும் பெரியதுகளுக்குக் கோப்பையிலும் கொடுப்பாள். பத்து மணிக்கு ஒருதரம். பதினொன்றரைக்கு ஒருதரம். அந்தப் பக்கத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இதை யாரும் ஒரு விசயமாகவே எடுப்பதில்லை. அழுகிற பிள்ளையைக் கண்டால் போகிற வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வியே தேத்தண்ணி குடுத்தியா என்பதுதான்.

பெற்றீசியாவும் அப்படி வளர்ந்தவள்தான். ஏழு பிள்ளைகளில் அவள் ஆறாவது. இரவில் சோறு காணாத நாட்களில் அம்மா ஒரு பெரிய கோப்பை தேத்தண்ணியைக் கொடுத்துப் படுக்கப் போடுவாள். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடையை மாட்டியவள், இருபத்திரண்டு வருசம் மலையில் நின்றாள். பசியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே படித்ததுதான். காலை ஐந்தரைக்குச் சம்பலோடு சாப்பிட்ட ரொட்டி ஒன்பதரை வரைக்கும் தாங்கும். மாவில் கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்ந்திருந்தால் பத்து மணி. பழைய சோறு இருந்தால் ராசா மாதிரி பதினொரு மணி வரைக்கும் நிற்கலாம். கடையில் வாங்குகிற பாண் என்றால் மலை ஏறி முடிவதற்குள் காணாமல் போய்விடும். எது தீர்ந்தாலும் போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணிதான் மிச்ச நேரத்தைத் தள்ளிவிடும்.

பசிக்கு மூன்று கட்டம் என்பது அவள் கண்டுபிடிப்பு. முதலில் வயிற்றைக் கிள்ளும். அதைத் தாண்டினால் காது அடைத்து, பக்கத்தில் நிற்கிறவள் மீது காரணமில்லாமல் கோபம் வரும். அதையும் தாண்டினால் ஒன்றும் தெரியாது. உடம்பு லேசாகிவிடும், கை தன்பாட்டில் கொழுந்தைக் கிள்ளும். பசி செத்துப்போச்சு என்பார்கள் அதை. செத்தது பசிதான் என்று பெற்றீசியா நம்பினாள்.

அப்படி ஒரு நாள், பதினொரு மணிபோல, கூடையோடு மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுந்து வலது முழங்காலை உடைத்துக்கொண்டாள். காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். தேத்தண்ணி என்றாள். விழுந்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை. கால் மடங்காமல் போனதால் மலைக்குப் போக முடியாது என்று பிள்ளைக் காம்பராவில் போட்டார்கள். ஆயாம்மா ஆனாள். புருசன் மரியநாயகம் அதற்கு முன்னமே குடித்துக் குடித்துப் போய்ச் சேர்ந்திருந்தான். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து வலப்பனைப் பக்கம் அனுப்பியாகிவிட்டது. வீட்டில் கொஞ்ச ஆளில்லாத அன்பையெல்லாம் அந்தப் பதினோரு பிள்ளைகளிடம் கொண்டுவந்து கொட்டினாள். அதில் பொய் இல்லை.

லோஜினியின் சின்ன மகள் தனுஷிகா காம்பராவுக்கு வந்தது கோதுமை மா விலை ஏறிய வருசம். நாட்டில் எல்லாமே ஏறிற்று. ரொட்டி சுடுகிற லயத்துச் சனத்துக்கு மா ஏறியதுதான் தலையில் விழுந்த இடி. லோஜினிக்கு இருபத்தைந்து வயது. புருசன் கொழும்பில் ஒரு கடையில் நின்றவன், கடையை மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடுகிறேன் என்று அங்கேயே கிடந்தான். மூத்தவள் பூரணி ஆறு வயது, பள்ளிக்கூடம் போகிறாள். முதலில் தனுஷிகாவுக்கு முழு ரொட்டி ஒன்று டப்பாவில் வந்தது. பிறகு பாதி வந்தது. பிறகு இரண்டு பிஸ்கட். சில நாட்களில் டப்பாவே வரவில்லை.

"பசிக்குதுன்னு அழுதா ஆள் அனுப்புங்க ஆயாம்மா. எப்படியாவது ஓடி வந்துடுவேன்" என்பாள் லோஜினி.

ஓடி வந்தால் என்ன ஆகும் என்று பெற்றீசியாவுக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்கி ஏற ஒரு மணித்தியாலம் போய்விடும். கொழுந்து நிறை குறைந்தால் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு அரைப்பேர் போட்டுவிடுவார், அரை நாள் சம்பளம்தான். அந்த வீட்டில் உழைக்கிறது அவள் ஒருத்தி. அதனால் பெற்றீசியா அந்தப் பிள்ளையை அழவே விடவில்லை. மற்றவர்களுக்கு ஒரு போத்தல் என்றால் தனுஷிகாவுக்கு ஒன்றரை. சாயங்காலம் லோஜினி வந்து கேட்டால், "அழவே இல்லடி, தங்கம்" என்று சொல்லித் தூக்கிக் கொடுப்பாள். லோஜினியின் முகம் அப்படியே மலர்ந்துபோகும்.

மாதாமாதம் நிறை பார்க்க வருகிறவர் மருத்துவமாது ஷிராணி. சிங்களவர். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் விடமாட்டார். அந்த மாதம் தனுஷிகாவைத் தராசில் தொங்கவிட்டு முள்ளைப் பார்த்தார். இறக்கிவிட்டு மறுபடியும் தொங்கவிட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது.

"இவ எத்தனை மணிக்கு சாப்பாடு கேக்கிறது?"

"கேக்கவே மாட்டா மிஸ். ரொம்ப நல்ல பிள்ளை."

"காலையில இருந்து பின்னேரம் மட்டும் ஒருக்காவும் கேக்கல்லயா?"

"இல்லீங்க மிஸ்."

ஷிராணி மூலையில் வரிசையாக இருந்த போத்தல்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். சத்தம் போடுவார் என்று பெற்றீசியா எதிர்பார்த்தாள். அவர் பாயில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சின்ன பிள்ளையோட வயிறு அந்த பிள்ளையோட கை அளவுதான், பெற்றீசியா. சோறு, பருப்பு, முட்டை குடுத்தா மூணு மணித்தியாலம் போகும். அப்புறம் திரும்ப கேக்கணும். கேட்டு அழுற பிள்ளைக்கு எனக்கு பயம் இல்ல. கேக்காத பிள்ளைக்குத்தான் பயம். இந்த தேத்தண்ணில வயிறு நிறையுது. பிள்ளை நிறையல்ல. இருக்கிற ரத்தத்தையும் அது விடுறது இல்ல."

"நாங்க எல்லாம் அதக் குடிச்சுத்தானே வளந்தோம் மிஸ்?"

ஷிராணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். நாலடி பத்தங்குல உயரம், குச்சியாகக் கை, ஐம்பது வயதுக்குள் பாதிப் பல் இல்லை. 

"ரெண்டு கிழமை, பதினாலு நாள் பாக்கிறது. ஏறல்லன்னா ஆஸ்பத்திரிக்கு எழுதுறது. இவ பசியில அழுற அன்னைக்கு எனக்கு கோல் எடுங்க."

அன்று சாயங்காலம் லோஜினி வந்தபோது பெற்றீசியா எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். நிறை கொஞ்சம் குறைவாம், நல்லாச் சாப்பாடு குடுக்கச் சொன்னாங்க என்று மட்டும் சொன்னாள். போத்தலைப் பற்றி வாயே திறக்கவில்லை. பயம்தான். இத்தனை வருசம் சம்பாதித்த பேர் ஒரு நாளில் போய்விடும் என்கிற பயம்.

மறுநாள் கேத்தலை அவள் அடுப்பில் ஏற்றவில்லை. தன் வீட்டு அரிசியையும் பருப்பையும் குழைய வேகவைத்துக் கொண்டுவந்து தனுஷிகாவுக்கு ஊட்டினாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயில் வைத்ததை நாக்கால் தள்ளியது. அரைக் கோப்பை இறங்க ஒரு மணித்தியாலம் ஆனது. அதற்குள் தேத்தண்ணி கிடைக்காத மற்றப் பத்துப் பிள்ளைகளும் அழத் தொடங்கிவிட்டன. அவள் காம்பராவில் அப்படி ஒரு அழுகையை யாரும் கேட்டதில்லை. பிரேமினி என்பவள் மகனின் குரலை மலையிலேயே அடையாளம் கண்டு கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்தவள் கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்.

"உங்களுக்கு என்ன வந்துச்சு ஆயாம்மா? ஒரு கேத்தல் தண்ணி வைக்கிறதுக்கு அவ்வளவு சோம்பேறித்தனமா?"

பெற்றீசியா ஷிராணி சொன்னதை அப்படியே சொன்னாள். பிரேமினி மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முட்டை குடு, பருப்பு குடுன்னு அந்த நோனா சொல்லிட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு நீங்க குடுப்பீங்களா?"

பத்துப் பிள்ளைக்கும் பருப்பு வேகவைக்கப் பெற்றீசியாவின் வீட்டில் ஏது? மூன்றாம் நாள் கண்டாக்கு வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். நாலாம் நாள் கேத்தல் திரும்ப அடுப்பில் ஏறியது. தனுஷிகாவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அந்த ஒரு பிள்ளையையாவது பிடித்து நிறுத்திவிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள். கஞ்சி, பருப்பு, ஒரு நாள் எங்கேயோ இரவல் வாங்கிய முட்டை. தன் சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் மடியில் போட்டு ஊட்டிவிட்டு அந்தச் சின்ன முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அழு தாயே, ஒருக்கா அழு என்று மாதாவிடம் கேட்பதுபோல அதனிடம் கேட்பாள்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்குத் தனுஷிகா அழுதது. பிரேமினியின் மகன் கையிலிருந்த ரொட்டித் துண்டைப் பார்த்துக் கையை நீட்டி, கிடைக்காமல், மெல்லிய குரலில் சிணுங்கி அழுதது.  பெற்றீசியா போனை எடுத்து, "அழுதுட்டா மிஸ்! கேட்டு அழுதுட்டா!" என்று கத்தினாள். அன்றைக்குக் கஞ்சி முழுக்கோப்பையும் இறங்கியது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமான நாள் அதிகம் இல்லை.

இரண்டு நாள் கழித்து மழையோடு பனிக்காற்று அடித்தது. பிள்ளைக்குச் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. மறுநாளே மூச்சு இழுத்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஊசி, மருந்து, குழாய் என்று நாலு நாள் எல்லாம் செய்து பார்த்தார்கள். இந்தச் சளியை எதிர்க்க உடம்பில் ஒன்றுமே இல்லையே அம்மா என்றாராம் டாக்டர். ஐந்தாம் நாள் விடியற்காலை தனுஷிகா போய்விட்டது.

தேயிலைக்கு நடுவே ஒரு சின்னக் குழி போதுமாக இருந்தது. ஆம்பிளைகள் மண் போட்டுவிட்டு வந்து, குளித்துக் கலைந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த புருசன் தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தான். லோஜினி லயத்தில் தன் வீட்டுக் காம்பராவில் சுவரில் சாய்ந்திருந்தாள். பெற்றீசியா காலை நீட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட இருந்த நாளெல்லாம் அவ ஒரு நாளும் பசின்னு அழல ஆயாம்மா" என்றாள் லோஜினி. "அந்தப் புண்ணியத்த நான் மறக்க மாட்டேன்."

 பெற்றீசியா அதை அப்படியே வாங்கிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது.

"நான் அழ விடலடி" என்றாள். "தேத்தண்ணியக் குடுத்துக் குடுத்து அமத்திட்டேன். ஓடி வந்தா ஒனக்கு அரைப்பேர் ஆயிடுமேன்னு செஞ்சேன். மிஸ் அன்னைக்கே சொன்னாங்க. ஒங்கிட்ட மறைச்சுட்டேன். என்னைய அடிச்சுப் போட்டுரு லோஜினி."

லோஜினி அடிக்கவில்லை. 

"ராவுல நானும் அதத்தான் குடுத்தேன்" என்றாள். "ரெண்டு ரொட்டிக்குத்தான் மா இருக்கும். சின்னவ தூங்கிட்டா மூத்தவளுக்கு ஒண்ணு முழுசாக் குடுக்கலாம்னு."

 இரண்டு பேருக்கும் அழத் தெம்பில்லை. கதவோரத்தில் பூரணி வந்து நின்றாள். செத்த வீட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. பயந்து பயந்து இரண்டு பேரையும் பார்த்தாள்.

"அம்மா, பசிக்குது."

பெற்றீசியா சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த மடங்காத காலோடு எழுந்தாள். லோஜினி அவளுக்கு முன்னமே எழுந்துவிட்டிருந்தாள்.