அண்ணா பார்க்கும் மீன்

கனடாவில் இருக்கும் அண்ணா மாதாமாதம் அம்மாவின் செலவுக்குப் பணம் அனுப்புவார். போன வருடம் அவருக்குத் திடீரென்று ஒரு ஞானம் பிறந்தது. திருகோணமலையில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, வரவு செலவு பார்க்கும் செயலி ஒன்று வேண்டுமாம்.

"நான் கணக்குக் கேக்கேல்லை. ஒரு ஒழுங்கு வேணும், அவ்வளவுதான்" என்றார். கணக்குக் கேட்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குவார்கள்.

தெரிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவளுக்கு இதெல்லாம் வரும் என்பது அவர் நினைப்பு. முதலாவது செயலியில் உடற்பயிற்சிக் கூடம், செல்லப்பிராணி, விமானப் பயணம் என்று ஒவ்வொன்றுக்கும் படம் போட்ட பெட்டி இருந்தது. தேங்காய்க்கு இல்லை. செல்லப்பிராணி என்று எங்களுக்கு வாய்த்தவை, வாசல் படலையடிக்கு வந்து வாழைப்பழத் தோல் தின்னும், ஊருக்குள் திரிகிற மான்கள்தான். அவை இதுவரை காசு கேட்டதில்லை. இரண்டாவது செயலி எதைப் பதிந்தாலும் பாராட்டியது. சீனிக்கு ஒரு பாராட்டு, அம்மாவின் பிரஷர் குளிசைக்கு ஒரு பாராட்டு. எரிச்சல் வந்து அதை அழித்தேன்.

கடைசியில் அண்ணாவே ஒன்றைத் தெரிவு செய்தார். அதற்குத்தான் இவ்வளவு ஆட்டமும் என்று எனக்குத் தெரியாமலில்லை. குடும்பத்துக்கென்று தனித் திட்டம், கட்டணம் அவருடையது. "இதில எல்லாருக்கும் எல்லாம் தெரியும்" என்றார் பெருமையாக.

அன்றிலிருந்து அண்ணா எங்கள் குசினிக்குள் குடிவந்துவிட்டார். துறைமுகப் பக்கம் மீன் வாங்கி, விலையைப் பதிந்துவிட்டு நான் வீடு வந்து சேர முன்னரே அதன் கீழே அவருடைய கேள்வி நிற்கும். "பாரை என்னத்துக்கு? விலை குறைஞ்ச சூடை வாங்கினால் காணாதோ?"

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கோ பயம் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாரை மீன் என்றால் உயிரை விடுகிற அம்மா, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, "பிள்ளை, இது அவனுக்குத் தெரியுமோ?" என்று கேட்கத் தொடங்கினார். பிறகு மீனே வேண்டாம் என்றார். வாய்க்கு ருசிக்கவில்லையாம்.

ஒரு நாள் காலை செயலியைத் திறந்தால் பட்டியல் முழுக்க டொலர். கோப்பி, பீட்சா, கோப்பி, கோல்ஃப், திரும்பவும் கோப்பி. எங்கள் மீனுக்கு ஓர் உச்ச வரம்பு போடும் அவசரத்தில், அண்ணா செயலி கேட்டதற்கெல்லாம் சம்மதம் என்று அமத்தி, தன்னுடைய வங்கி அட்டையையும் இணைத்துவிட்டிருந்தார். இப்போது உண்மையிலேயே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தது.

அப்படியொரு சந்தோசம் எனக்கு வந்து எவ்வளவோ காலம். அம்மாவைக் கதிரையில் இருத்தி ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அங்கே ஒரு கோப்பி குடிக்கிற காசில் இங்கே நம் இருவருக்கும் பாரைக் குழம்பு வைக்கலாம் என்றும் சொன்னேன்.

அம்மாவின் கண் கலங்கியது. "பாவம். அவனுக்கு வீட்டில ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுக்கவும் ஆளில்லைப் போல."

இவரிடம் நியாயம் எதிர்பார்த்த என்னைச் சொல்ல வேண்டும். ஆனாலும் விடவில்லை. அந்தக் கோப்பிக்குக் கீழே எழுதினேன்: "கடையில என்னத்துக்கு? வீட்டில போட்டுக் குடிச்சால் காணாதோ?"

சற்று நேரத்தில் அண்ணாவின் அழைப்பு வந்தது. "அந்த ஆப் பாதுகாப்பில்லையாம். அழிச்சுப்போடு."

"ஓம் அண்ணா" என்றேன். இவ்வளவு பணிவாக நான் அவரோடு ஒருநாளும் கதைத்ததில்லை.

அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இனி அவனுக்கு ஒண்டும் பாக்க ஏலாதோ?"

"ஏலாது."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப மீன் முடிய முதல் வெளிக்கிடு. பாரை. நடுத்துண்டாப் பாத்து வாங்கு."